தம்பி பெயருக்கு வந்த ஆசீர்வாதம்

என் ஓரகத்தி மார்சேலின் கையில் ஆறு தங்க வளையல்கள் கிடக்கின்றன. ஆறும் என் மாமியாருடையவை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவருக்குக் கஞ்சி ஊட்டியது நான், துணி மாற்றியது நான், முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவியது நான். வளையல் போனது கெய்ரோவில் பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவளுக்கு. இதைச் சொன்னால், “லபீபா, உனக்குப் பொறாமை” என்பார்கள். ஆமாம், பொறாமைதான். ஒளித்து வைத்துக்கொள்ள அது என்ன திருட்டுச் சாமானா?

ஆனால் இது என் கதை அல்ல, என் புருஷன் ஃபனூஸின் கதை. மல்லாவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கரும்புப் பாகு காய்ச்சுகிறவர். அவர் காய்ச்சும் கருப்புப் பாகை மின்யா மாகாணம் முழுக்க ரொட்டியில் தொட்டுத் தின்கிறார்கள். அப்படியும் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. “டாக்டர் விஸ்ஸாவோட அண்ணன்” என்பார்கள். விஸ்ஸா அவருடைய தம்பி, கெய்ரோவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். எங்கள் நாட்டில் மருந்துக்கடைக்காரனும் டாக்டர்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. தலைமுறைக்கு ஒரு பிள்ளையை அப்பன் மடியில் வைத்துக்கொள்வான். இன்னொரு பிள்ளை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கும். என் மாமனார் சித்ஹோமை அவருடைய அப்பா அப்படித்தான் கொஞ்சினார். மாமனாரின் அண்ணன் கத்தாஸ் ஒரு நாள் வீட்டின் இரண்டு பாகத்துக்கும் நடுவில் இருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அலெக்சாந்திரியாவுக்குப் போனவர், சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தார். மாமனார் அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டாரா என்றால், அதுதான் இல்லை. தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் விஸ்ஸாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள்; கோவிலில் பைபிளிலிருந்து யோசேப்பின் கதையை வாசித்தால் ஊர்க்காரர்கள் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பனின் செல்லப்பிள்ளை, நட்சத்திரங்கள் தன்னைக் கும்பிடுவதாகக் கனவு கண்டவன், அண்ணன்மார் பொறாமையில் குழியில் தள்ளிவிட்ட தம்பி அவன். சிறுவயதில் விஸ்ஸா தெருவில் நடந்தால், “ஏய், நட்சத்திரமெல்லாம் இன்னைக்கும் கும்பிட்டுதா?” என்று கேட்பார்களாம். யோசேப்புக்கு அவன் அப்பா கொடுத்த கோட்டுக்கும் இங்கே குறைவில்லை. விஸ்ஸா அசியூத்தில் படிக்கப் போனபோது மாமனார் அவனுக்கு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டுக்காரர் பாகு காய்ச்சும் கொப்பரைக்கு முன்னால் நின்று முன்பக்கம் வெந்து பின்பக்கம் நடுங்கினார். “உனக்கு எதுக்குடா கோட்டு? அதான் நெருப்பு இருக்கே” என்று அப்பா சொன்னாராம். இதை என்னிடம் அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கேட்காதீர்கள். கல்யாணமான புதிதில் நான்கூட அழுதேன். அப்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

மாமனார் மோசமான மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், பிச்சைக்காரன் வந்தால் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெரிய பிள்ளையைப் பார்த்தால் மட்டும் அவர் முகத்தில் ஒன்றும் நடக்காது. எங்கள் கல்யாணத்தில் நாற்காலி சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விஸ்ஸாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலையில் கிரீடம் வைத்தபோது ஏங்கி ஏங்கி அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

வளையல் கைமாறியது மாமியாரின் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த அன்று. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமனார் துணி முடிச்சை அவிழ்த்து மார்சேலின் மடியில் வைத்தார். என் வீட்டுக்காரர் வாய் திறந்தது ஒரே தடவை.

“அப்பா, லபீபாவுக்கு ஒண்ணாவது குடுக்கலாமே?”

“விஸ்ஸா பொண்டாட்டி பட்டணத்துல நாலு பேரு முன்னாடி நிக்கணும்டா. உன் பொண்டாட்டி எங்க போய் நிக்கப் போறா, கொப்பரை முன்னாடியா?”

விஸ்ஸா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். “அண்ணிக்குக் குடுங்கப்பா” என்று சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? என் வீட்டுக்காரர் அப்பாவை மன்னித்தாலும் அந்த மௌனத்தை மன்னிக்கவில்லை. அடுத்த வாரமே விஸ்ஸாவுக்கு என்று வைத்திருந்த வீட்டின் மேல் பாகத்துக்கு ஏறும் படிக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். சாந்து குழைக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது நான்தான். சந்தோஷமாகவே ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. மாமனார் எங்களோடுதான் இருந்தார். நாங்கள் ரொட்டி வைப்போம், அவர் விஸ்ஸாவின் பெயரைச் சொல்லித் தின்பார். கண் பார்வை மங்கி, பிறகு சுத்தமாகப் போய், காதும் பாதி போன பிறகும் வாசலில் சத்தம் கேட்டால், “விஸ்ஸாவா?” என்பார். “இல்லப்பா, ஃபனூஸ்” என்றால் “ம்” என்பார். இந்த “ம்” ஒன்றைத் தின்றே என் வீட்டுக்காரர் பல வருடம் உயிர் வாழ்ந்தார்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வெரீனா, என் ஜாடை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் என்னை மாதிரியே. சின்னவள் மொஹ்ராயில். அவளைக் கண்டால் கல்லும் சிரிக்கும். இத்தனையும் பட்ட மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சின்னவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பாகு கொதித்து வரும்போது மேலே பொன்னிறமாக ஒரு நுரை கட்டும். விடியற்காலையில் அந்த முதல் நுரையை ரொட்டித் துண்டில் வழித்து மொஹ்ராயிலின் வாயில் ஊட்டுவார். வெரீனா தூணோரம் நின்று பார்ப்பாள். நானும் பார்த்தேன். “பெரியவளுக்கும் குடுங்க” என்று சொன்னால், “அவ வளந்துட்டா லபீபா, கேக்கவே மாட்டா” என்பார். கேட்காத பிள்ளைக்கு வேண்டாம் என்று ஆண்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ!

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிய பிறகு ஒரு நாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மல்லாவி சந்தைக்குப் போனேன். துணிக்காரனிடம் பேரம் பேசிவிட்டுத் திரும்பினால் வெரீனா மட்டும் நிற்கிறாள்.

“தங்கச்சி எங்கடி?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன அவளுக்குக் காவல்காரியா?”

தம்பியைக் கொன்ற காயீன் ஆண்டவரிடம் சொன்ன வாசகம் அது என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சந்தை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு அவரும் வந்தார். கடைசியில் ரயிலடியில் தேநீர் விற்கிற ஒருத்தியின் பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “இங்கயே உக்காரு, ரயில்ல சித்தப்பா வருவாரு, அவரோட போயிடுன்னு அக்கா சொன்னா” என்றாள். ரயில் வந்து போனதாம். இவள் ஏறப் பார்த்தாளாம். தேநீர்க்காரி பிடித்து வைத்திருக்கிறாள். அவள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கையை ஓங்கினார். வெரீனா ஒதுங்கவில்லை.

“அடிங்க. அவளன்னா அடிக்க மாட்டீங்கல்ல?”

“ஏன்டி செஞ்சே? ஏன்?”

“அவ போயிட்டா நுரை எனக்குத்தானே.”

ஓங்கின கை அப்படியே கீழே இறங்கியது. மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன், லபீபா” என்றார். “கண்ணாடியில பாத்திருக்கேன்.” அன்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இன்னும் இருபது வருடம் போனால் இந்த இரண்டு பெண்களும் எந்தக் கதவை அடைப்பார்களோ, அதற்கு யார் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாளோ என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் பாதிரியார் அபூனா பிசாதாவிடம், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு, கோபமாகத் திரும்பி வந்தார். “யோசேப்பு கதையைத் திரும்பப் படிக்கச் சொல்றாரு. எனக்குத் தெரியாத கதையா? நான் வாழ்ந்த கதை!” என்று கத்தினார். ஆனாலும் படித்தார். இத்தனை வருடமாக அவர் அந்தக் கதையைக் கோட்டு வரைக்கும்தான் படித்திருக்கிறார். கோட்டு வந்ததும் நெஞ்சு காந்தும், புத்தகத்தை மூடிவிடுவார். இந்தத் தடவை மூடாமல் போனார். குழியைத் தாண்டி, பஞ்சத்தைத் தாண்டி, அண்ணன்மார்கள் எகிப்துக்குத் தானியம் வாங்க வரும் இடம் வரைக்கும் போய்விட்டு என்னைக் கூப்பிட்டார்.

“லபீபா, இதைக் கேளு. அப்பன் யாக்கோபு திருந்தவே இல்ல. யோசேப்பு போனதும் கடைசிப் பையன் பென்யமீனைப் பிடிச்சுக்கிட்டான். அதே வியாதி. பென்யமீனை எகிப்துல பிடிச்சு வச்சுக்கப் பாக்குறாங்க. அப்ப அண்ணன்மார்ல ஒருத்தன், யூதா, முன்னாடி வந்து, என்னை அடிமையா வச்சுக்க, பையன விட்டுரு, எங்க அப்பா உசிரு அவன் உசிரோட முடிஞ்சு கெடக்குங்கறான். அப்பாவுக்கு என் மேல பாசமில்லன்னு அவன் அழல. ஆமா, அப்பாவுக்கு அவன்தான் உசிரு, அதனால நான் இருக்கேன்னுட்டான். அங்கதான் முடிச்சு அவுந்துச்சு. அப்பன் மாறல, லபீபா. மாறினது யூதா.”

“யூதாவோட பொண்டாட்டி அதுக்கு என்ன சொன்னாளாம்?”

“அவ முன்னாடியே செத்துட்டா.”

“அதான பாத்தேன்! அதான் அந்த ஆளு துணிஞ்சிருக்கான்!”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் எங்கே போகப் போகிறார் என்று எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மறுநாள் விடியலில் முதல் நுரையை இரண்டு ரொட்டியில் வழித்தார். வெரீனா வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. நாய்க்குப் போட்டாள். அதற்கு அடுத்த நாளும் வழித்தார், அதற்கு அடுத்த நாளும். அப்புறம் சம்மட்டியை எடுத்து அடைத்த கதவை இடித்தார். தூசி என் துவைத்த துணி மேலெல்லாம் விழுந்தது. நான் ஒரு கல்லைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

விஸ்ஸாவுக்குப் போன் செய்தார். “அப்பா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. வாடா தம்பி” என்றார். “நீயா பேசறே?” என்றான் அவன்.

குருத்தோலை ஞாயிறன்று மாமனாரை நாற்காலியில் வைத்துக் கோவிலுக்குத் தூக்கிப் போனோம். அடுத்து வரும் பாடுகளின் வாரத்தில், ஆண்டவர் செத்ததை நினைத்து அழுகிற வாரத்தில், யார் செத்தாலும் எங்களிடம் அடக்க ஜெபமும் தூபமும் கிடையாது. அதனால் அந்த ஞாயிறே எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே ஜெபித்துத் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். தண்ணீர் முகத்தில் பட்டதும் மாமனார், “விஸ்ஸா வந்துட்டானா?” என்று உரக்கக் கேட்டார். பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

விஸ்ஸா புதன்கிழமை மதியம் வந்தான். கோவில் முற்றம் நிறைய ஆட்கள், கதவெல்லாம் கறுப்புத் துணி. அவனும் மார்சேலும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். மார்சேல் மணிக்கட்டு வரை கையை மூடியிருந்தாள். ஆனாலும் வளையல் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார். தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று முத்தமிட்டார்.

முற்றம் அப்படியே உறைந்தது. பாடுகளின் வாரத்தில், அதிலும் புதனன்று, எங்களில் யாரும் யாரையும் முத்தமிட மாட்டோம். பாதிரியாரின் கையைக்கூட. யூதாஸ் முப்பது காசுக்கு முத்தமிட்டு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த நாட்கள் அவை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த இதை, வயது ஐம்பதைத் தொடப்போகிற மனிதர் சந்தோஷத்தில் மறந்துபோனார்.

“எத்தனை காசுக்குப் பேசியிருக்கான்?” என்று கூட்டத்தில் எவனோ கேட்டான். பத்துப் பேர் சிரித்தார்கள். விஸ்ஸா வெளுத்துப்போனான்.

“இத்தனை வருஷம் கழிச்சு, இதுக்குத்தான் வரச் சொன்னியா?”

“ஐயோ, இல்லடா! எனக்கு நாளே ஞாபகத்துல...”

“உனக்கா? எல்லா நோன்பும் இருக்கிறவன், உனக்கு நாள் மறந்துபோச்சா?”

மார்சேல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அதே வண்டியில் ஏறி மல்லாவியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முற்றத்தின் நடுவில் கையைத் தொங்கவிட்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவருக்காக நெஞ்சு வெடித்தது, அவர்கள் போனதில் வயிறு குளிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும். வராது என்கிறவளுக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் பெரிய வியாழன். ஊரே கோவிலுக்குப் போயிருந்தது. இவர் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன். பிள்ளைகள் இரண்டும் என் பின்னால். மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று கையை நீட்டிக் காற்றில் தேடினார். இவர் குனிந்து முகத்தை அந்தக் கையில் கொடுத்தார்.

“வந்துட்டியா? விஸ்ஸா, வந்துட்டியாடா?”

அந்தக் கை இவர் நெற்றியைத் தடவியது, புருவத்தைத் தடவியது. பிறந்ததிலிருந்து அந்தக் கை அப்படி அவர் முகத்தில் பட்டதில்லை.

“நீ பொறந்த அன்னைக்கு நான் சிரிச்சேன்டா. ஊரெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னேன். நீ வீட்டுக்குள்ள வந்தா எனக்குப் பசி அடங்கிடும். உன்னப் பெத்ததுதான் நான் உருப்படியா செஞ்சது. கிட்ட வா, தலையக் குடு. ஆண்டவர் உன்ன...”

என் வீட்டுக்காரரின் கண்ணிலிருந்து நீர் ஊற்றியது. வாயைத் திறந்துகொண்டு, தாகமெடுத்தவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை இழுத்தார், எதையோ சொல்லப்போகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் கதவோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். வாயைப் பொத்திக் காட்டினேன். பேசாதே! பேசாமல் வாங்கிக்கொள்! கிழவருக்குக் கண் இல்லை, காது இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது? கண் தெரியாத அப்பன் ஈசாக்கை ஏமாற்றி, அண்ணனுக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை யாக்கோபு வாங்கவில்லையா, அதற்கு அம்மாக்காரியே துணை நிற்கவில்லையா? அவள் நின்ற இடத்தில்தான் அன்று நான் நின்றேன். உனக்குச் சேர வேண்டியதுதானே ஐயா இது, நெருப்பில் வெந்தவன் நீ, வாங்கிக்கொள்!

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காதருகில் குனிந்தார்.

“அப்பா. நான் ஃபனூஸ்.”

கை நின்றது.

“ஃபனூஸா?”

“ஆமாப்பா.”

கிழவர் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். “விஸ்ஸா எங்க?”

“கூட்டிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் இருங்க. எனக்காக இல்ல, அவனுக்காக இருங்க.”

மல்லாவிக்கு ஆட்டோவில் போனோம். கோவிலுக்குப் போகாத பக்கத்து வீட்டுக் கிழவியை மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன், விடுவேனா? வழியெல்லாம் திட்டினேன். “பைத்தியமா உங்களுக்கு? வாய்க்குள்ள வந்து விழுந்தத யாராவது துப்புவாங்களா?”

மார்சேல்தான் கதவைத் திறந்தாள். விஸ்ஸா உள்ளே இருந்து, “எதுக்கு வந்தே? நேத்து ஊரே என்னப் பாத்துச் சிரிச்சது போதாதா?” என்றான்.

“என்னப் பாத்துல்லடா சிரிச்சாங்க? யூதாஸ் நான்தானே, நீ இல்லையே.”

விஸ்ஸாவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறானா அழுகையை அடக்குகிறானா தெரியவில்லை.

“நாள் தப்பு, தம்பி. முத்தம் தப்பில்ல. அப்பா உன்னக் கேக்குறாரு. இப்பதான் என் மூஞ்சியத் தடவிக்கிட்டு உன் பேரச் சொல்லி ஆசீர்வாதம் பண்ண ஆரம்பிச்சாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் ஃபனூஸ்னு சொன்னேன்.”

“ஏன்?” என்று கத்தினான் விஸ்ஸா. “ஏன் அண்ணே சொன்னே? வாங்கிக்கவேண்டியதுதானே!”

“அது உனக்கு வந்தது. நான் எடுத்தா, நாளைக்கு என் பொண்ணுங்க ஒருத்தியோடத இன்னொருத்தி எடுப்பா. நான் இந்தப் பொறாமைய என்னோட நிறுத்திக்கறேன். வா.”

விஸ்ஸா சுவரில் சாய்ந்துகொண்டான். “மடியில உக்காந்திருந்தவன் சுகமா இருந்தான்னு நெனச்சியா, அண்ணே? இறங்க விட்டாரா என்னை? நான் உன்னோட கொப்பரைகிட்ட நிக்கணும்னு அழுதிருக்கேன். கோட்டு அழுக்காயிடும்னு தூக்கிட்டுப் போயிடுவாரு. வளையல் அன்னைக்கு நான் வாயத் திறந்திருக்கணும். பயம். திறந்தா, என் மேலயும் அந்த ‘ம்’ விழுந்துடும்னு பயம்.”

அந்த “ம்” பற்றி அவனுக்கும் தெரியுமா? எனக்கு அதுவே கோபத்தைக் கிளப்பியது. தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறான் பார்!

பொழுது சாய்வதற்குள் கூட்டி வந்துவிட்டோம். மாமனார் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். விஸ்ஸாவின் தலையில் கை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், ஒரு வார்த்தை குறையவில்லை. என் வீட்டுக்காரர் அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் விஸ்ஸா, “அப்பா, அண்ணனும் பக்கத்துலயே இருக்கான். அவனுக்கு?” என்றான்.

கிழவர் யோசித்தார். “இருக்கட்டும்” என்றார்.

அவ்வளவுதான். கடைசி வார்த்தையும் அதுதான். வெள்ளி விடிவதற்குள் போய்விட்டார். தூபம் இல்லாமல் புதைத்துவிட்டு வந்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் தோள் கொடுத்தார்கள். ஊரே அதைத்தான் பார்த்தது. நான் அந்த “இருக்கட்டும்” என்ற வார்த்தையைப் பல்லுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். கூலிக்காரனுக்குக்கூட அதைவிட நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார்கள்.

சனிக்கிழமை காலை வீடு ஓய்ந்து கிடந்தது. இவர் கூடத்துத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெரீனா வந்து எதிரில் நின்றாள்.

“தாத்தா உங்க மூஞ்சியத்தானே தடவினாரு? நீங்க ஏன் சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா உங்களுக்குக் கெடச்சிருக்கும்ல?”

“கெடச்சிருக்காது. விஸ்ஸாங்கிற பேருக்குத்தான் கெடச்சிருக்கும். நான் அதை வச்சிக்கிட்டு என்னடி பண்ணுவேன்?”

அவள் யோசித்தாள். “அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. குடுக்கறதுக்கு இருக்கு. வா இங்க.”

பாகு தெறித்துத் தெறித்துத் தழும்பேறிய அந்தப் பெரிய கையை அவள் தலையில் வைத்தார். “வெரீனா” என்றார். “நீ பொறந்த அன்னைக்கு நான் சிரிச்சேன். ஆலைக்கு ஓடிப்போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் நான் மறந்துட்டேன், உன்கிட்ட சொல்லவே இல்ல. ஆண்டவர் நீ போகும்போதும் வரும்போதும் உன்னக் காக்கட்டும்.”

வெரீனா அசையவே இல்லை. என் பிள்ளை, என் வயிற்றில் பிறந்தவள், அவள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. சத்தியமாக வந்தது. என் அப்பா என்னைக் கட்டிக்கொடுக்கும்போது, “போன இடத்துல வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு” என்றுதான் சொல்லி அனுப்பினார். என் தலையில் இப்படி யார் கை வைத்தார்கள்? எனக்கு யார் என் பெயரைச் சொல்லிச் சொன்னார்கள்? வளையல் வளையல் என்று இத்தனை வருடம் நான் அழுததும் இதற்குத்தானோ என்னவோ.

வெரீனா தலையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். மொஹ்ராயிலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “நில்லுடி இங்க. தலையக் குனி. அப்பா, இவளுக்கும். ஆனா இவளுக்கு வேற சொல்லுங்க, என்னோடது எனக்குத்தான்.”

அவர் வேறு சொன்னார். சின்னவளுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. முடிந்ததும் இரண்டும் ஓடிவிட்டன. நான் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“நீயுமா?”

“ஏன், நான் என்ன தெருவுல கெடந்து வந்தவளா? சொல்லுங்க. பேரச் சொல்லிச் சொல்லுங்க.”

“நீ பொறந்த அன்னைக்கு எனக்கு மூணு வயசுடி. நான் எங்க சிரிச்சேன்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது.”

என் முக்காட்டின் மேல் கை வந்தது. அந்தக் கை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“லபீபா” என்றார். “லபீபா, என்னை யாருமே எடுத்துக்காதப்ப நீ எடுத்துக்கிட்டே.”